கூப்பிடு தண்ணீர்

மார்ச் 4
அணைக் குடியிருப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "சொல்லு" என்று ஒரு சொல், அப்புறம் வெறும் மூச்சு. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்ட முடியாது பார்.

நல்லா இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. போன வருஷம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். மாப்பிள்ளை காணாமல் போன துக்கம் ஆறுவதற்குள் "ஆள் போயாச்சு, அழுது முடிச்சுட்டு எங்கூட வந்துடு" என்று நான் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்ன நேரம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை என்று இன்னமும் நினைக்கிறேன். சரி, அதை விடு. இப்போது வேலை விஷயமாக ஒன்று கேட்க வேண்டும்.

மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏற, மீன் ஏணியைத் திறந்துவிட்டோம். ஏணியின் அடியில் கூப்பிடு தண்ணீரும் விட்டாயிற்று. மின்சார இயந்திரத்துக்குப் போக வேண்டிய தண்ணீரை மீனைக் கூப்பிடுவதற்காக இப்படி வேகமாகத் திருப்பி விடுவதில், இயந்திரத்தை ஓட்டும் என் வீட்டுக்காரர், உன் மாமாவுக்கு வழக்கம்போல வயிற்றெரிச்சல். "நாலு ஊரு விளக்கை மங்க வெச்சு உன் மீனுக்கு வழி காட்டுறேன், ஒரு மீனாவது நன்றி சொல்லுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் மடையைத் திறந்தார். அந்த வேகம் இல்லாவிட்டால் மீன்களுக்கு ஏணி இருப்பதே தெரியாது. அணைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நான் ஏணியை ஒட்டிய என் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஏறிப் போகும் மீன்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ ஒருமுறை வந்தபோது, "உன்னைத் தொட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க, மீனெல்லாம் வந்து பாத்துட்டுப் போகுது" என்று சிரித்தாயே, அதே அறை, அதே நாற்காலி.

இந்த வருஷம் உங்கள் கழிமுகத்தில் பிடித்து, அடையாளம் மாட்டி விடும் மீன்களுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைதான் அடையாளம், நூல் கிடையாது என்று உங்கள் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. ஆனால் நேற்று ஒரு ஏறுமீன் முதுகுத் துடுப்பின் அடியில் மெழுகு நூலோடு போயிற்று. இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளைவு, நுனி வால் பக்கமாக. இங்கே நாங்கள் எல்லோரும் மாப்பிள்ளை முடிச்சு என்று சொல்வோமே, அதுதான்.

அந்த முடிச்சை அவர் யாருக்காவது கற்றுக் கொடுத்தாரா? உங்கள் புது ஆள் போடுகிறாரா? ஒரு வரி எழுது, போதும்.

அக்கா


மார்ச் 11
கழிமுகம்

அக்கா,

கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுத்தேன், அதற்குள் முடிச்சு என்ற சொல் கண்ணில் பட்டுவிட்டது.

யாருக்கும் அவர் கற்றுக் கொடுக்கவில்லை. புது ஆளுக்குத் தன் செருப்பு வாரையே ஒழுங்காக மாட்டத் தெரியாது. வில்லை மாட்டும் இடுக்கியை மீன் மேல் வைத்து நறுக்கென்று அமுக்குவதோடு அவர் வேலை சரி. என்னை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். "நீங்க கொஞ்ச நாள் தண்ணிப் பக்கம் வர வேணாம்மா" என்கிறார் மேலாளர். ரொம்பப் பரிவு. மூக்கில் குத்தலாம் போல இருந்தது.

நூல் கண்டு என் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. உன் கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. நீ பார்த்தது முந்தின வருஷத்து மீனாக இருக்கும். ஒருமுறை ஏறியது மறுபடியும் ஏறியிருக்கும். இதுகூடவா உனக்குத் தோன்றவில்லை? எண்ணி எண்ணி மண்டை காய்ந்துவிட்டது உனக்கு.

அந்தக் கடைசி நாள் எனக்குக் காய்ச்சல். நான் ஈரத்துணியால் மீனைப் பிடிப்பேன், அவர் கட்டுவார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட ஒருவர் இல்லாமல் இன்னொருவர் போனதில்லை. அன்றைக்குத்தான், "நீ படுத்திரு, நான் கூண்டை மட்டும் தூக்கிட்டு வந்துடறேன்" என்று தனியாகப் போனார். படகு மட்டும் திரும்பி வந்தது. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ எப்போதும் சட்டென்று "ஆள் போயாச்சு" என்று முடித்துவிடுகிறாய். அதனால் திரும்பச் சொல்கிறேன். யாரும் எதையும் பார்க்கவில்லை, அக்கா. படகைத்தான் பார்த்தார்கள்.

நூலில் பாசி இருந்ததா?

தங்கை


மார்ச் 17
அணைக் குடியிருப்பு

சின்னவளே,

பாசி இல்லை. பழைய நூல் என்றால் பச்சைப் பஞ்சு போல ஊதியிருக்கும். இது அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டினது மாதிரி இருக்கிறது.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நீயே ஏதாவது கற்பனை செய்துகொள்வாய். எழுதினாலும் செய்வாய். எதற்கும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

இப்போது நாள்தோறும் வருகின்றன. மற்ற மீன்கள் கண்ணாடியைக் கடந்து விறுவிறுவென்று போய்விடும். அவற்றுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. நூல் கட்டிய மீன்கள் நிற்கின்றன. தலை தண்ணீர் வரும் பக்கம் இருக்கிறது, கண் என் பக்கம். நான் நாற்காலியை விட்டு எழுந்து கதவு வரைக்கும் போனால்தான் நகர்கின்றன. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். வேண்டுமென்றே எழுந்தும் உட்கார்ந்தும் பார்த்தேன். உன் மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, அதுங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிறியா?" என்றார். அவரையே நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. நான் உட்கார்ந்ததும் நின்றது. அதற்கப்புறம் அவர் கிண்டல் செய்யவில்லை.

ஏணியின் மேல் தொட்டியில் ஒன்றை நிறுத்தி, கைவலையில் எடுத்துப் பார்த்தோம். துடுப்படியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உங்கள் கழிமுகத்திலிருந்து இங்கே ஏறி வர ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் காயம் ஆறித் தோல் மூடிவிடும். இந்தக் காயத்தைப் பார்த்தால் கட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அப்படியென்றால் கட்டியது கழிமுகத்தில் இல்லை. ஆற்றின் நடுவில் எங்கோ.

இன்னொன்று. துடுப்பு கிழிந்திருந்தது, விலாவில் செதில் உதிர்ந்திருந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பிய மீன்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் இப்படி இருந்ததில்லை. மீன் துள்ளத் துள்ள, பிடிக்க ஆளில்லாமல் ஒருவரே கட்டிய முடிச்சு இது. முடிச்சு மட்டும் அச்சு அசல் அவருடையது.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் உன் மாமா சொல்கிறார். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். ஆற்றோரமாகத் தேடிக் கிளம்பிவிடாதே. வருவதானால் பஸ் ஏறி நேராக என் வீட்டுக்கு வா.

அக்கா


மார்ச் 23
படகுத்துறை விடுதி

அக்கா, என் அக்கா,

நீ இதுவரை எழுதியதிலேயே நல்ல கடிதம் இதுதான். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தாள் மடிப்பில் விட்டுப் போய்விட்டது.

அவர் இருக்கிறார். உனக்குப் புரியவில்லையா? கைகால் அடிபட்டோ, நினைவு தப்பியோ, யாராவது தூக்கிக் கொண்டுபோய் வைத்திருந்தோ, எப்படியோ ஆற்றோரமாக இருக்கிறார். பெயர் மறந்திருக்கும், வீடு மறந்திருக்கும், கை மறக்கவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறார். பிடிக்க ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறார். நீயே எழுதியிருக்கிறாய்.

நான் லீவு போட்டுவிட்டேன். போட்டேன் என்றால், மேசை மேல் ஒரு சீட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இது ஆற்றின் பாதி தூரத்தில் இருக்கும் படகுத்துறை. மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், மூடினால் கொசு. பதிலை இங்கேயே போடு. நான் ஓரிரு வாரம் இருப்பேன். கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப் போகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் முழுக்க உன் மேல் எனக்கு வெறுப்பு. "ஆள் போயாச்சு" என்று நீ சொன்னதற்காக இல்லை. நீ சொன்னதும் எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது, அதற்காக. இப்போது வெறுப்பு இல்லை.

தங்கை


மார்ச் 28
அணைக் குடியிருப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. படகுத்துறையில் சாப்பாடெல்லாம் எப்படி? நீ சரியாகச் சாப்பிடமாட்டாய் என்று தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. இத்தனை பெரிய அணையைக் கட்டி மேய்க்கிற மனுஷருக்கு ஒரு வாஷரை மாற்றத் துப்பில்லை. கண்ணாடியைத் தலை மேல் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறார். மொட்டை மாடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்றும் கறுப்பு. நீ வந்தால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். முன் அறையில் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தேன், நீல நிறம், கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது.

சொல்ல மறந்துவிட்டேன். முடிச்சு மீன்கள் நின்றுவிட்டன. நாலைந்து நாளாக ஒன்றுகூட வரவில்லை. யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று உன் மாமா சொன்னது சரிதான் போலிருக்கிறது. காயத்தைப் பற்றிக்கூட நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். தண்ணீர் குளிர்ந்திருந்தால் காயம் ஆற நாளாகுமாம்.

அதனால் நீ அங்கே தேடுவதில் பயன் இல்லை. பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. குட்டிகள் கண் திறந்துவிட்டன.

அக்கா


ஏப்ரல் 2
படகுத்துறை விடுதி

அக்கா,

நீ பொய் சொல்லும்போதுதான் குழாய், பூனை, திரை எல்லாம் வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். என் பொம்மையை உடைத்துவிட்டு, அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று அரைமணி நேரம் சொன்னவள் நீ.

நின்றுவிட்டனவாம். இங்கே வந்து பார்.

நான் கேட்காத வீடு இல்லை. அவரை யாரும் பார்க்கவில்லை. முதலில் மனசு உடைந்துதான் போனது. படகோட்டும் அம்மா ஒருத்தி இருக்கிறாள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் சொன்னாள்: "மனுசன் யாரும் வரல தாயி. ஆனா இந்த மீனுங்கதான் இந்த வருசம் ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசை கட்டி நிக்குது. எதுக்கோ முறை வெச்சுக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி." நான் அவளோடு படகில் போனேன். பட்டப்பகல், நல்ல வெயில். ஆழமான திருப்பத்தில் படகை நிறுத்தினாள். அவள் சொன்னபடியே நின்றன. நாங்கள் நூல் கட்டும் கொட்டகையில் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவோமே, அந்த இடைவெளி. முன்னால் நிற்பது கீழே இறங்கிப் போகும், அடுத்தது முன்னால் வரும்.

கைப்பையில் ஈரத்துணி வைத்திருந்தேன். நான் எங்கே போனாலும் அது கூட வரும். படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, துணியோடு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு மீன் தானாகவே வந்து துணிக்குள் புகுந்தது. முதுகைத் தடவிப் பார்த்தேன், நூல் இல்லை, வெறும் துடுப்பு. தலையை ஒரு கையிலும் வால் பக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்தேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் நூலை இழுத்து இறுக்கும்போது மீன் ஒரு பக்கமாகச் சாயும். நான் மணிக்கட்டால் எதிர்ப்பக்கம் தாங்குவேன். இத்தனை வருஷமாக நினைக்காமலேயே செய்வது. அந்தச் சாய்வு வந்தது, அக்கா. என் மணிக்கட்டும் தானாகவே தாங்கியது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, வளைவு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. அந்த இழுப்புக்குப் பிறகு "ம்" என்று சொல்வார், நான் விட்டுவிடுவேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் விட வேண்டிய நேரம் எனக்குத் தெரிந்தது.

விடாமல் தூக்கிப் பார்த்தேன். நூல் இருந்தது. படகோட்டும் அம்மா அதைப் பார்த்தாள். படகைத் திருப்பிக் கரைக்குத் துடுப்புப் போட்டாள். கூலியும் வாங்கவில்லை.

பயமாக இருந்ததா என்று கேட்பாய். இல்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக எனக்கு வேலை இருந்தது. அவ்வளவு நிம்மதி.

அடுத்த நாள் அதே திருப்பத்துக்கு நடந்தே போனேன். மீன்கள் இல்லை. மேலே நகர்ந்துவிட்டார். உன் கூப்பிடு தண்ணீர் இருக்கிற பக்கம். நானும் மேலே வருகிறேன்.

தங்கை


ஏப்ரல் 6
அணைக் குடியிருப்பு

சின்னவளே,

ஆமாம், பொய்தான் சொன்னேன். முடிச்சுகள் நிற்கவில்லை. நாளுக்கு நாள் அதிகமாகி, காயம் நாளுக்கு நாள் புதிதாகிக்கொண்டு வந்தது. நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற மீனின் முதுகிலிருந்து ரத்தம் புகை மாதிரி பிரிந்து போய்க்கொண்டிருந்தது. ஏணிக்கு வெளியே கட்டியிருந்தால் அது ஏறி வருவதற்குள் நின்றிருக்கும். ஏணிக்குள், கீழ்த் தொட்டிகளில் எங்கோ கட்டப்படுகிறது. உன் படகுத்துறையிலிருந்து என் காலடி வரைக்கும் வந்துவிட்டது.

உன் கடிதத்தை உன் மாமாவிடம் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "சத்தம்" என்று எழுதினாராம். இந்த ஊரில் குடிவந்த நாளிலிருந்து தரையில் ஓர் அதிர்வு இருக்கும், டீ கிளாஸில் வளையம் போடும். அது நின்றதும் காதைப் பொத்திக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. குடியிருப்பில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். தண்ணீருக்குள் முங்கித் தேடுகிறவரை இறக்கி, இயந்திரத் தண்ணீர் வெளியேறும் இடம், சல்லடை, ஏணியின் அடி, எல்லாவற்றையும் தேடச் சொன்னோம்.

ஒன்றும் இல்லை. ஆள் இல்லை, துணி இல்லை, எலும்பு இல்லை. மேலே வந்த முங்குகிறவர் முகமூடியைக் கழற்றித் தள்ளி வைத்தார். உன் மாமா கேட்டதற்கு, "எதுவும் இல்ல சார். ஆனா மறுபடி இறங்கச் சொல்லாதீங்க. யாரோ வேலை செய்யிற இடத்துக்குள்ள கேக்காம நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார். கூச்ச சுபாவம் உள்ளவர், இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். அது மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையாக இருந்தால் கரையேறியிருப்பார். நம் வீட்டுக் கதவைத் தட்டி, செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு, "அண்ணி, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டிருப்பார். தண்ணீருக்குள் நின்றுகொண்டு முடிச்சு மட்டும் போடுகிறவர் யாராக இருந்தாலும், நீ கட்டிக்கொண்டவர் இல்லை. அவர் வேலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மிச்சத்துக்கு ஒரு ஜோடிக் கை வேண்டியிருக்கிறது. அது உன் கை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். இன்று காலை கூப்பிடு தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏணிக்கு வழி தெரியாவிட்டால் மீன்கள் மேலே வராது, அவற்றோடு வருவதும் வராது. பருவத்தின் நடுவில் இப்படிச் செய்தால் என் வேலை போகும். போகட்டும். மீன்களுக்குக் கொஞ்ச நாள் கஷ்டம்தான், அதற்காக அப்புறம் அழுதுகொள்கிறேன்.

நீ பஸ்ஸில் வா. ஆற்றோரப் பாதை வேண்டாம். எந்தத் தண்ணீரிலும் கையை விடாதே. இதை ஜீப் ஓட்டுபவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியிலிருக்கிற விடுதியில் எல்லாம் விசாரித்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரோடேயே ஏறி வந்துவிடு. உன்னை இழந்துவிட்டு இந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார என்னால் முடியாது.

அக்கா


ஏப்ரல் 8
பாலத்தடி விடுதி

அக்கா,

ஜீப்காரர் கண்டுபிடித்துவிட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டு அவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பாவம், வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். என்னை ஏற்றிக்கொண்டு போக வந்தவர் இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுவருவார். அவரைத் திட்டாதே.

இங்கிருந்து உன் அணை தெரிகிறது. வெள்ளைச் சுவர், பக்கத்தில் ஏணி, படிப்படியாக, வறண்ட மாதிரி. நீ தண்ணீரை நிறுத்தியது எனக்கு உன் கடிதத்துக்கு முன்னாலேயே தெரியும். பாலத்துக்குக் கீழே வந்து பார். ஆறு முழுக்க மீன். எங்கே போவது என்று தெரியாமல் சுவரில் முட்டி, திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி, கடைசியில் என் கரையோரமாக வந்து நிற்கின்றன. வரிசையில். பாதிக்கு மேல் துடுப்பு கிழிந்தவை. நீ வழியை அடைத்ததால் எல்லாம் இங்கே தேங்கிவிட்டது, அக்கா. நான் இறங்கிய இடத்திலேயே. நான் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை.

கரையேறாதவர் அவர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர் முழுசாக இல்லாமல் இருக்கலாம், கொஞ்சம்தான் மிச்சம் இருக்கலாம். நான் மட்டும் முழுசாகவா இருக்கிறேன்? மேசையில் உட்கார வைத்து, தண்ணீர்ப் பக்கம் வராதே என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தால் முழுசாகிவிடுவேனா?

உன் மேல் கோபமில்லை. நீ என்னை இழுத்துப் பிடிக்கத்தான் பார்த்தாய். எனக்குத் தெரியும். நானும் உன் இடத்தில் இருந்தால் மடையை அடைத்திருப்பேன்.

அந்த மீன்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிடு. நாங்கள் மேலே வருகிறோம்.

தங்கை


ஏப்ரல் 19
கண்ணாடி அறை

சின்னவளே,

இதை எந்த முகவரிக்குப் போடுவது என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

ஜீப்காரர் வந்து இறங்கியதுமே நாங்கள் ஓடினோம். உன் அறையில் பை இருந்தது, செருப்பு இருந்தது. ஈரத்துணி மட்டும் இல்லை. விடுதிக்காரம்மா, "கால் நனைச்சுட்டு வரேன்னு சொன்னாங்க, சிரிச்ச முகமாத்தான் போனாங்க" என்கிறாள். நீ சிரித்துக்கொண்டு போனாய் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

தேடினோம். மூன்று ஊர்ப் படகுகள் வந்தன. இயந்திரத்தை உன் மாமா இன்றுவரை ஓட்டவில்லை. கீழே ஊர் ஊராக இருட்டு, மேலே இருந்து ஃபோன் மேல் ஃபோன். "என் வீட்டுப் பொண்ணு தண்ணிக்குள்ள இருக்கா, ஓட்ட மாட்டேன்" என்று எல்லோரிடமும் ஒரே பதில் சொல்கிறார். நாளையிலிருந்து வேறு ஆளை வைத்து ஓட்டப் போகிறார்களாம். அவர் எதிர்க்கவில்லை. எதிர்க்க அவரிடம் தெம்பு இல்லை.

நான்தான் உன்னை அங்கே நிறுத்தினேன். மடை திறந்திருந்தால் அது ஏணி வழியாக என் கண்ணாடிக்கு வந்திருக்கும். நான் பார்த்திருப்பேன். நீ வரும்போது உன் குறுக்கே நான் இருந்திருப்பேன். வழியை அடைத்து, அதை உன் காலடியில் கொண்டுபோய் விட்டேன். இதை யாரிடம் சொன்னாலும், அப்படி நினைக்காதே என்கிறார்கள். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ எழுதியபடி கூப்பிடு தண்ணீரைத் திறந்துவிட்டேன். என் கையாலேயே சக்கரத்தைத் திருப்பினேன். முதலில் நாலு நாள் ஒன்றும் வரவில்லை. நாற்காலியிலேயே கிடந்தேன். உன் மாமா டீ கொண்டுவந்து வைப்பார், ஆறினதும் எடுத்துக்கொண்டு போவார்.

ஐந்தாம் நாள் காலை மீன்கள் ஏறின. எல்லாவற்றிலும் நூல். ஒவ்வொன்றாக, அதே இடைவெளியில். கண்ணாடிக்கு நேராக வந்ததும் நின்றன. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் போய்விடும். ஒரு மீன் போகாமல் எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரமும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் மாமா பின்னால் வந்து நின்றார். பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "ரத்தமே இல்லையே" என்றார்.

இல்லை. எந்த மீனிலும் ரத்தம் இல்லை. துடுப்பு கிழியவில்லை. கைவலையில் எடுத்து, விலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு செதில்கூட உதிரவில்லை.

நன்றாகப் பிடித்திருக்கிறாய், சின்னவளே.

அக்கா